பெரிய மணல்மேடுகளில் கூட்டமாக வண்டி ஓட்டுவது: முதன்முறை ஏற்பாடு செய்பவருக்கு

பாலைவன மணல்மேடுகளுக்குத் தனி வண்டியாகப் போகக் கூடாது. எல்லோரும் சொல்கிற இந்த எச்சரிக்கை உண்மைதான். ஆனால் ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிட்டாலே ஆபத்து குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏற்பாடில்லாத கூட்டத்தில், புதைந்த வண்டியை இழுக்க அவசரமாக வருகிற இரண்டாவது வண்டியும் பக்கத்திலேயே புதையும். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருப்பது தெரியாமல் இந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் வேகமாக ஏறி வருவார். இந்த இரண்டாவது விபத்துக்குக் கூட்டமே காரணம்.

ஆகவே எந்த முடிவையும் ஒரே கேள்வியிலிருந்து எடுங்கள்: இந்தக் கூட்டத்தில் அனுபவம் குறைந்த ஓட்டுநர் யார், அவரால் எது முடியும்? அவருக்கு முடிகிற வழிதான் அன்றைய வழி, அவருடைய வேகம்தான் அன்றைய வேகம். நன்றாக ஓட்டுகிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்றால் அவர்கள் வேறொரு நாள் தனிக் குழுவாகப் போகலாம்.

யாரை அழைப்பது

குறைந்தது மூன்று வண்டி வேண்டும். ஒன்று பழுதாகி, அதை இழுக்கப் போன இன்னொன்றும் புதைந்தால் கையில் ஒன்றாவது மிச்சம் இருக்கும். முதல் பயணத்துக்கு ஆறு வண்டிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வண்டி கூடும்போதும் நிற்கிற நேரமும் கூடுகிறது. எட்டு, பத்து வண்டி சேர்ந்துவிட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர் வைப்பதுதான் சரி.

மணலில் பழகிய ஓட்டுநர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும்: ஒருவர் முன்னால் வழி பார்க்க, இன்னொருவர் கடைசியில் வர. ஏற்பாடு செய்கிற நீங்களே புதியவர் என்றால் முன்னணி வண்டியை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆள் கூட்டுவது, பொருள் சரிபார்ப்பது, நேரம் பார்ப்பது எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். வழியை அவர் பார்க்கட்டும். இரண்டு அனுபவசாலிகள் கிடைக்கவில்லையென்றால் பெரிய மேடுகளுக்குப் போகாமல், ஓரத்தில் இருக்கும் சின்ன மேடுகளில் ஒரு நாள் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.

வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள்: நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருக்கிறதா, லோ ரேஞ்ச் கியர் (மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தரும் கியர் அமைப்பு) இருக்கிறதா, தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம், முன்னாலும் பின்னாலும் சேசிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் அதிகம் மறக்கப்படுகிறது. லாரியில் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கென்று அடியில் இருக்கும் வளையங்களைப் பலர் இழுவைக் கொக்கி என்று நினைக்கிறார்கள். மணலிலிருந்து பிடுங்கி இழுக்கும் விசையை அவை தாங்காது. பம்பரில் திருகி மாட்டுகிற சின்ன வளையமும் சாலையில் மெதுவாக இழுத்துப் போவதற்குத்தான். லோ ரேஞ்ச் இல்லாத நகரத்து எஸ்.யூ.வி.க்கு ‘இந்தப் பயணம் வேண்டாம்’ என்று நேராகவே சொல்லிவிடுங்கள். சங்கடம் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் அந்த வண்டியை இழுப்பதிலேயே எல்லோருடைய நாளும் போகும்.

பயணிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கழுத்து அல்லது முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள் பெரிய மேடுகளுக்கு வரக் கூடாது. முகட்டிலிருந்து வண்டி ‘தொம்’மென்று இறங்கும் ஒரே அதிர்வு முதுகெலும்பைப் பாதிக்கலாம்.

இடமும் நேரமும்

பெரிய மேடு என்றால் எவ்வளவு பெரிது? அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் 250 மீட்டர் வரை எழும் மேடுகள் இருக்கின்றன. அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. 20 மீட்டர் மேட்டின் பின்சரிவே ஒரு வண்டியை உருட்டப் போதும்.

மேட்டின் வடிவத்தைக் காற்று தீர்மானிக்கிறது. காற்று அடிக்கும் பக்கம் சாய்வாக, அலையலையான கோடுகளோடு, ஓரளவு இறுகி இருக்கும். சரிவு பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. மறுபக்கத்தில் மணல் உச்சியிலிருந்து தானாக வழிந்து விழுகிறது. அது 32, 34 டிகிரி வரை செங்குத்தாக, மாவு போல் இளகி நிற்கும். வழக்கமாகக் காற்று அடிக்கும் திசையிலேயே பயணத்தையும் அமைத்தால் சாய்வான பக்கம் ஏறி, செங்குத்துப் பக்கம் இறங்கலாம். எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு மேடும் சண்டைதான். ஆஸ்திரேலியாவின் சிம்ப்ஸன் பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பது எளிது என்று சொல்வதும் இதனால்தான். அங்கே கிழக்குச் சரிவுகள் செங்குத்தானவை. காற்று பல திசையிலும் மாறி அடிக்கிற இடங்களில் நட்சத்திர வடிவ மேடுகளும் அவற்றுக்கு நடுவே கிண்ணம் போன்ற ஆழக் குழிகளும் உருவாகும். அங்கே புதியவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

மணல் நகரும். போன மாதம் யாரோ போன பாதையை ஜி.பி.எஸ்.ஸில் போட்டு அப்படியே பின்தொடர்ந்தால், அன்று சாய்வாக இருந்த இடம் இன்று வெட்டுச் சரிவாக இருக்கலாம். அந்தப் பாதை திசை காட்ட மட்டும்தான். அதைவிட முக்கியமானது வெளியேறும் இடங்கள்: மேடுகளிலிருந்து கெட்டித் தரைக்கோ வண்டித்தடத்துக்கோ போகக்கூடிய புள்ளிகளை இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடத்தில் குறித்து, எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆயத்தொலைவுகளை (இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க எண்களை) எந்த வடிவில் சொல்வது என்றும் பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் தசம டிகிரியிலும் இன்னொருவர் டிகிரி-நிமிடத்திலும் பேசினால் அவசர நேரத்தில் உதவி வேறு இடத்துக்குப் போய்விடும்.

அனுமதி பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பாதுகாக்கப்பட்ட வனவிலங்குப் பகுதி, ராணுவப் பகுதி, எல்லைப் பகுதி, எண்ணெய்க் குழாய் போகிற பகுதி எல்லாம் பாலைவனத்தில் வேலி இல்லாமலேயே தொடங்கும். சிம்ப்ஸன் பாலைவனத்தின் தென் ஆஸ்திரேலியப் பகுதியில் உள்ள தேசியப் பூங்காவைக் கோடை வெயில் காரணமாக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள். மூடாத இடத்திலும் கடுங்கோடையில் ஏற்பாடு செய்யாதீர்கள்.

நேரத்தில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். காலையில் மணல் குளிர்ந்து சற்று இறுகியிருக்கும். நிழல் நீளமாக விழுவதால் முகடு எங்கே, குழி எங்கே என்று தெரியும். உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் மணல் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். கண்ணெதிரே இருக்கும் பத்தடிக் குழிகூடச் சமதளமாகத் தோன்றும். அதனால் சூரியன் ஏறத் தொடங்கும்போதே இறங்கி, உச்சி நேரத்தில் ஓய்வெடுத்து, அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். முதல் பயணத்துக்கு அரை நாள் போதும்.

என்னென்ன வேண்டும்

ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டியவை: மண்வெட்டி, டயர் காற்றளவு மானி, ரேடியோ, தீயணைப்பான், முழு அளவு ஸ்டெப்னி, ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்க அகலமான பலகை (இது இல்லாமல் ஜாக் மணலுக்குள் இறங்குமே தவிர வண்டி ஏறாது), உயரமான கம்பத்தில் பளிச்சென்ற கொடி. மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்பதை முதலில் காட்டுவது கொடிதான். சிம்ப்ஸனில் கொடி கட்டாயம்.

குழுவுக்குப் பொதுவாக வேண்டியவை: டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இரண்டு, புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் பலகை இரண்டு ஜோடி, நீட்சியுள்ள இழுவைக் கயிறு இரண்டு, கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் மென்கயிற்று ஷாக்கிள்கள், முதலுதவிப் பெட்டி, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி. மேடுகளுக்கு நடுவே கைபேசியை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி இருந்தால் பதிவு செய்து வைத்திருங்கள். அது உயிர் ஆபத்துக்கு மட்டும்.

தண்ணீர், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் குறைந்தது 5 லிட்டர். அரை நாள் பயணமாக இருந்தாலும் ஒரு இரவு மாட்டிக்கொண்டால் சமாளிக்கிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். எரிபொருள், சாலையில் ஆவதைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை ஆகும். முழு டாங்க்கோடுதான் மணலில் இறங்க வேண்டும். கூரைமேல் கனம் ஏற்றாதீர்கள்: பக்கச்சரிவில் வண்டி கவிழ அந்தக் கனமே காரணமாகிவிடும். உள்ளே இருக்கும் பொருள்களையெல்லாம் கட்டிவிடுங்கள்.

எங்கே போகிறோம், எத்தனை வண்டி, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி, உடன் வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மணல் தொடங்கும் இடத்தில்

கெட்டித் தரையில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி டயர் காற்றை இறக்குங்கள். சாலையில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை 15-க்குக் கொண்டுவந்தால் அது தரையைத் தொடும் பகுதி நீளமாகிறது, எடை பரவுகிறது, சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கிறது. கனமான வண்டிக்கு 18-ல் தொடங்கலாம். 12-க்குக் கீழே போவது சிக்கியபின் தற்காலிகமாக மட்டும். 10-க்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் சக்கரத்தின் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். ஒரே ஆள், ஒரே மானியோடு எல்லா வண்டிகளையும் சுற்றிப் பார்க்கட்டும். ‘நான் இறக்கிவிட்டேன்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். மணலில் வண்டி புதைவதற்கு முதல் காரணம் டயரில் காற்று அதிகமாக இருப்பதுதான்.

இழுவைக் கட்டுப்பாடு, நிலைப்புக் கட்டுப்பாடு போன்ற மின்னணு வசதிகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். சக்கரம் சுழலும்போது அவை எஞ்சின் விசையைக் குறைத்து, ஏற்றத்தின் நடுவே வண்டியை நிறுத்திவிடும். பல வண்டிகளில் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும்.

அப்புறம் எல்லோரையும் இறங்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேசுங்கள். வரிசை இது: முன்னணி வண்டி, அதன் பின்னாலேயே மிகப் புதியவர், பிறகு மற்றவர்கள், கடைசியில் அனுபவமுள்ள இரண்டாமவர். புதியவரைப் பின்னால் தள்ளக் கூடாது. முன்னால் போன ஐந்து வண்டிகள் கிளறிவிட்ட இளமணலில் ஏறுவது அவருக்குத்தான் கடினம். வரிசையை நடுவில் மாற்றக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் தெரியவில்லை என்றால் பாதுகாப்பான இடத்தில் நின்று ரேடியோவில் சொல்ல வேண்டும். ரேடியோ கெட்டுப்போனால் பயன்படுத்த நான்கு கைச்சைகையும் காட்டிவிடுங்கள்: வா, நில், பின்னால் போ, எஞ்சினை அணை.

சீட் பெல்ட் எல்லோருக்கும். மது யாருக்கும் இல்லை, பயணிக்கும்கூட. அவர்தான் தேவைப்பட்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவர்.

மேடு ஏறுவதும் இறங்குவதும்

மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு விதியில் கண்டிப்பாக இருங்கள்: ஒரு மேட்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. முன்னால் போனவர் முகட்டைத் தாண்டி இறங்கி, அங்கிருந்து விலகி நின்று, “தாண்டிவிட்டேன், இரண்டாவது வண்டி வரலாம்” என்று ரேடியோவில் சொன்ன பிறகுதான் அடுத்தவர் நகர வேண்டும். குரல் வரவில்லையென்றால் நகரக் கூடாது. கொடி தெரிகிறது, அனேகமாகப் போயிருப்பார் என்ற ஊகம் வேண்டாம். இதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஓரிரு நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

ஏறும்போது வேகத்தைக் கீழேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பயனில்லை. மேட்டுக்கு நேர்குத்தாகப் போங்கள். ஏற்றத்தில் கியர் மாற்றினால் உந்தம் போய்விடும் என்பதால் கியரை முன்பே தேர்ந்தெடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கையால் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் பிடித்துவைப்பது நல்லது. முகடு நெருங்கும்போது காலை எடுத்து, முன்சக்கரம் உச்சியைத் தாண்டும் நேரத்தில் நடைவேகத்துக்கு வந்துவிட வேண்டும். முகட்டை வேகத்தோடு தாண்டினால் வண்டி காற்றில் பறந்து மூக்கு குத்தி விழும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முன்னணி வண்டிக்கே தெரியாத மேடுகளில் ஒருவர் இறங்கி நடந்து ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

பாதியில் நின்றுவிட்டதா? ஆக்ஸிலேட்டரை அதற்கு மேல் மிதிக்காமல் ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் வண்டியைத் திருப்ப முயல்வதுதான் உருளும் வழி. புதியவர்களுக்கு இதைச் சின்ன மேட்டில் இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே செய்ய வைத்துவிட்டுப் பெரியதுக்குப் போங்கள். ரிவர்ஸில் இறங்கப் பயப்படுகிறவர்தான் பயத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்.

செங்குத்துப் பக்கம் இறங்கும்போது வண்டி சரிவுக்கு நேராக, லோ ரேஞ்சில் முதல் அல்லது இரண்டாவது கியரில், எஞ்சினின் பிடியிலேயே இறங்கட்டும். பின்பாகம் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் பிரேக்கைத் தொடாமல், மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பி மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், வண்டி நேராகிவிடும். கை தானாகவே மேல்நோக்கித் திருப்பச் சொல்லும், அதைக் கேட்கக் கூடாது.

நிற்பதற்கும் முறை உண்டு. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டு உருண்டு நிற்க வேண்டும், அதுவும் மூக்கு சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி. அப்போதுதான் மறுபடி கிளம்புவது எளிது. மேடுகளுக்கு நடுவே வெள்ளையாக, உப்புப் படிந்த தட்டைத் தரை தெரிந்தால் ஒதுங்கிப் போங்கள். மேலே காய்ந்த தோல், கீழே ஈரச் சேறு. அதில் இறங்கிய வண்டியை எடுப்பது மணலைவிடப் பல மடங்கு கடினம்.

புதைந்தால்

புதைவது தவறல்ல, அது பயணத்தின் ஒரு பகுதி. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்ற கணத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். அந்தக் கணத்தில் நிறுத்தியவரை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். தொடர்ந்து மிதித்தவருக்கு அரை மணி நேரம் தோண்ட வேண்டும்.

முதல் வேலை கயிறு தேடுவதல்ல. முகட்டிலோ அதன் மறைவிலோ வண்டி நின்றிருந்தால் உடனே ரேடியோவில் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒருவர் உச்சியில் நின்று கையசைத்துக் காவல் காக்க வேண்டும். பிறகு வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சக்கரங்களைச் சுற்றியும் அடிப்பாகத்தின் கீழும் மணலை அள்ளுங்கள். வண்டி வயிற்றில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்தை மட்டும் தோண்டிப் பயனில்லை. டயரில் இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்குங்கள். மணல் பலகை வையுங்கள். பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும்.

கயிறுதான் கடைசி வழி, அதில்தான் உயிர் ஆபத்து அதிகம். நீளும் கயிறு விசையைச் சேமித்து வைக்கிறது. ஒரு முனையில் உலோகம் உடைந்தால் அது குண்டு போலப் பாய்ந்து வரும். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் கயிற்றை மாட்டாதீர்கள்; அது உடைந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரண்டு வண்டியிலும் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். யாரும் கயிற்றைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. கயிற்றின் நடுவே கனமான போர்வையைப் போட்டுவிடுங்கள். உத்தரவு கொடுப்பது ஒரே ஆள். இழுக்கும் வண்டி முதலில் மெதுவாக, பிறகு தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விசை கூட்டட்டும். முடிந்தவரை கீழ்நோக்கியும் வந்த திசையிலும் இழுங்கள். இழுக்க வருகிற வண்டி நிற்கும் இடத்தை ஒருவர் முதலில் நடந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதைந்தது இரண்டாகிவிடும்.

வண்டி பக்கச்சரிவில் சாய்ந்து நின்றுவிட்டால் எல்லாம் நிதானமாக நடக்க வேண்டும். ஒருவர் ஒருவராக மேட்டுப் பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்குங்கள். கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. மேலே கெட்டியான இடத்தில் நிற்கும் வண்டியிலிருந்து கயிறு கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மேல்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் மணலை எடுத்து வண்டியைச் சமமாக்கலாம்.

வெயிலில் தோண்டுகிறவர்களை மாற்றி மாற்றி விடுங்கள். ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துக் குளிர்வியுங்கள், உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். மதியத்துக்குள் எல்லோரும் களைத்துவிட்டார்கள், அடிக்கடி புதைகிறார்கள் என்றால் அருகிலுள்ள வெளியேறும் புள்ளிக்குத் திரும்புங்கள். மீதி மேடுகள் அங்கேயேதான் இருக்கும்.

வெளியே வந்ததும்

தார்ச்சாலையைத் தொடும் முன் எல்லா டயர்களிலும் காற்றை நிரப்புங்கள். 15 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம். ஒரு கம்ப்ரஸர் என்றால் ஆறு வண்டிக்கு வெகுநேரம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், வண்டிக்கு அடியில் தொங்குவது, ஒழுகுவது ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மின்னணுக் கட்டுப்பாடுகளை மறுபடி போட நினைவூட்டுங்கள். குப்பையை எண்ணி எடுத்து வாருங்கள். தலைகளையும் எண்ணுங்கள். பிறகு உங்களுக்காகக் காத்திருப்பவருக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

மறுநாள் ஒவ்வொருவரும் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் புல், விதைகளையும் எடுத்துவிட வேண்டும். பிரேக் பக்கத்தில் மணல் உரசுகிற சத்தம் நிற்காமல் கேட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை கிளம்ப வேண்டும்.